உடம்பு தேறிவிட்ட மகனுக்கு

அன்புள்ள மகனே,

முதலில் ஒரு விளக்கம். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் தலையைச் சொறிவார்கள். நீ என்னைப் பெற்ற அப்பா. எனக்கு வயது பதினேழு, உனக்கு நாற்பத்தாறு. ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "என்னம்மா", "வாம்மா", "சாப்டியாம்மா", கோபம் வந்தால் "அம்மா தாயே, கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இரு". தமிழ் அப்பாக்கள் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம்தான். ஆனால் ஒரு மனுஷன் இத்தனை வருஷமாக ஒருத்தியை அம்மா, அம்மா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அவளுக்கும் சில உரிமைகள் வந்து சேரத்தான் செய்யும். அதனால் இந்தக் கடிதத்தில் நான் அம்மா, நீ மகன். நேரில் 'நீங்க' என்று சொல்கிறவள் இங்கே 'நீ' என்று எழுதுகிறேன். எந்த அம்மா தன் மகனை வாங்க போங்க என்று கூப்பிடுகிறாள்? உன் மனைவியை மட்டும் உன் மனைவி என்றே எழுதிவிடுகிறேன். மருமகள் என்று எழுதினால் அவரிடம் அடி வாங்கி மாளாது.

இதைத் திறந்த கடிதமாக எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. கொஞ்ச காலமாக மலேசியாவில் நம் ஊரான யோங் பெங்கில் உன் உடம்பைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. கோயில் வாசலில், சந்தையில், கல்யாண மண்டபத்தில், எல்லோரும் திறந்துதான் பேசினார்கள். யாரும் உறைக்குள் போட்டு ஒட்டிக் கொடுக்கவில்லை. பதில் மட்டும் எதற்கு உறைக்குள் போக வேண்டும்? அவர்களும் படிக்கட்டும். எனக்குக் கொழுப்பு அதிகம் என்று சொல்வார்கள். சொல்லட்டும். அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தத்திலும் அது உண்மைதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் நீ வேலையிடத்தில் மயங்கி விழுந்தாய். சாஆ என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரிகளை எண்ணெய் மில் வாசலில் எடை நிறுத்து உள்ளே அனுப்புவதும், குலையைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது காலி லோரியை மறுபடி நிறுப்பதும் உன் வேலை. அந்த அறைக்குள்ளேயே நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாய். ஒரு லோரி டிரைவர்தான் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார். "ஒண்ணுமில்ல லா, வெயிலு" என்றாய் உன் மனைவியிடம். அந்த அறையில் ஏர்கோன் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் டிரைவரை வாசல்வரை கொண்டுபோய் விடுகிற சாக்கில் கேட்டேன். "அண்ணன் இப்பல்லாம் வெறும் தண்ணிதான் குடிக்கிறாரு, தங்கச்சி. நாங்க நாசி லெமாக் சோத்தப் பொட்டலமா தாபாவ் பண்ணி கொண்டாந்து குடுத்தாலும் தொட மாட்டேங்குறாரு. நாங்க கிண்டல் பண்ணதுக்குக் கோச்சுக்கிட்டாரோன்னு பயந்துட்டோம்" என்றார். அந்தப் பெரிய மனிதர் கண் கலங்கி நின்றதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர்கள் கிண்டல் என்னவென்று படிக்கிறவர்களுக்குத் தெரியாது. மலாயில் நிறுப்பதற்குத் 'திம்பாங்' என்று பெயர். அதனால் லோரிக்காரர்களுக்கு நீ 'திம்பாங் அண்ணன்'. அதில் ஒரு எழுத்தைச் சேர்த்து அவர்கள் உன்னைத் 'திம்பாங்க அண்ணன்' ஆக்கிவிட்டார்கள். தின்பாங்க அண்ணன். "அண்ணே, இன்னைக்கு என்ன திம்பாங்க?" என்று லோரி சன்னலிலிருந்து கத்துவார்கள். "ஒன் டயரத் திம்பாங்க, போடா" என்று நீயும் பதில் கொடுப்பாய். நம் வீட்டில் சொல்விளையாட்டுக்கு எப்போதும் மரியாதை உண்டு. அது நம் மேலேயே வந்து விழுந்தாலும் சிரித்துவிட வேண்டும் என்று எனக்குப் பழக்கியவன் நீதான். குண்டாக இருக்கிறவர்கள் முந்திக்கொண்டு சிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே நம் இருவருக்கும் தெரிந்த பாடம்.

உன் மனைவியின் சிறுநீரகங்கள் இரத்த அழுத்தத்தால் கெட்டுப்போய், அவர் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்க ஆரம்பித்தபோது நீ யோசிக்கவே இல்லை. "எங்கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ண எடுத்துக்குங்க" என்று டாக்டரிடம் சொன்னாய், பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடை கொடுப்பது மாதிரி. பரிசோதனைகள் நடந்தன. பொருந்தும் என்றார்கள். ஆனால் உன்னை நிறுத்தார்கள். ஊரையே நிறுக்கிறவனை அன்றைக்கு வேறொருவர் நிறுத்தார். இந்த எடையோடு உன்னை அறுவை மேசையில் கிடத்துவதும் ஆபத்து, அதற்குப் பிறகு ஒற்றைச் சிறுநீரகத்தோடு நீ வாழ்வதும் ஆபத்து, குறைத்துக்கொண்டு வா, பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். நீ கவலைப்படவில்லை. சந்தோஷப்பட்டாய். "அவ்ளோதானே டாக்டர்? கொறச்சுட்டு வரேன்" என்றாய். மருந்து இல்லாத நோயின் நடுவில் கடைசியாக ஒரு வேலையை உன் கையில் கொடுத்திருந்தார்கள். காரில் திரும்பும்போது ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தாய்.

செய்தும் காட்டினாய். அதை யாரும் மறுக்க முடியாது. தே தாரிக் பால் டீயை விட்டாய். ரொட்டி சானாய்க் கடையைத் தாண்டும்போது தெருவின் மறுபக்கம் போய் நடந்தாய். வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் அப்படியே பாடாங் திடலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவாய். கால்பந்து விளையாடும் பையன்கள் உனக்காகப் பந்தை நிறுத்தி வழிவிட்டார்கள். நான் வீட்டு எடை இயந்திரத்தின் மேல் 'ஒரு நேரத்தில் ஒரு லோரி மட்டும்' என்று எழுதி ஒட்டினேன். நீ அதைப் பார்த்துவிட்டுக் குளியலறையிலிருந்து ஹாரன் அடித்தாய். மாதம் போகப் போக சட்டை தொளதொளத்தது, பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டாய். மாடிப்படியில் மூச்சு வாங்கவில்லை. உன் குறட்டை நின்றுவிட்டது. முதல் இரவில் உன் மனைவி பயந்துபோய் உன் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாராம். டாக்டர் உன் முதுகில் தட்டி, இன்னும் கொஞ்சம்தான் என்றார். பிறகு அந்தக் கொஞ்சத்தையும் குறைத்தாய். ஆஸ்பத்திரி எடைமேடையில் ஏறி, தேறிவிட்டாய்.

ஊர் அதை வேறு மாதிரி வாசித்தது. நம் ஆட்களுக்கு ஒருவன் இளைத்தால் அது நோய். வேறு காரணமே அவர்கள் அகராதியில் கிடையாது. "என்னங்க, இப்படி எளச்சுப் போயிட்டீங்க? சக்கரையா?" என்று கோயிலில் கேட்டார்கள். சக்கரை இல்லை என்றதும் குரலைத் தாழ்த்தி, அதைவிடப் பெரிய நோயின் பெயரைச் சொல்லாமல் கண்ணாலேயே கேட்டார்கள். ஒரு கல்யாணத்தில் மெர்சிங்கிலிருந்து வந்த உன் அக்கா, பந்தியில் உன் இலையைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதே விட்டார். "தம்பி, என்னடா இது, எலும்பும் தோலுமா? அவளுக்குக் குடுக்குறதுக்குள்ள நீ போயிடுவ போலருக்கே! சோத்தப் போடுங்கம்மா இவனுக்கு!" நீ கையால் இலையை மூடிக்கொண்டாய். அவர் உன் கையை நகர்த்திவிட்டுச் சோற்றைப் போட்டார். அன்புதான். அந்த அன்பைத் தட்டிவிட்டு எழுந்து வர உனக்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருந்தது என்று பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியும்.

பிறகுதான் அந்தத் தாமதம் வந்தது. உன் மனைவிக்கு டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாய் வழியாகக் கிருமி ஏறி, குளிர் காய்ச்சல் வந்து, வார்டில் படுக்க வைத்தார்கள். அது சரியாகும்வரை அறுவையை நினைத்தே பார்க்க முடியாது என்றார்கள். சரியானதும் இருதயத்தில் ஏதோ பலவீனம், அதையும் பார்க்க வேண்டும் என்றார்கள். மாதங்கள் போயின. நீ எல்லையைத் தொட்டுவிட்டு, கோட்டின் மேலேயே நின்றபடி காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் நீ மாற ஆரம்பித்தாய். ஜொகூர் வெயிலில், மத்தியானத்தில், வீட்டுக்குள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாய். "குளுருதும்மா" என்றாய். பாடாங்கைச் சுற்றிவிட்டு வந்தால் நாற்காலியிலேயே தூங்கினாய். பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால் பேச்சை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பினாய். ஒருநாள் நான் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்த சத்தத்துக்கு நீ எவ்வளவு வேகமாகத் திரும்பினாய் தெரியுமா? பிறகு வெட்கப்பட்டு, "சும்மா பாத்தேம்மா" என்றாய். நீ முன்னைவிட அதிகமாகச் சாப்பிடவில்லை. நான் உன் தட்டைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அது என் தட்டைவிடச் சிறியது. அப்படி இருந்தும் எடை ஏறியது. முதலில் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம், பிறகு பெல்ட்டின் பழைய ஓட்டைக்கு.

ஊருக்கு மட்டும் ஒரே மகிழ்ச்சி. "இப்பதான் ஒடம்பு தேறியிருக்கு! பாக்கவே நல்லாருக்கீங்க" என்றார்கள். தேறிவிட்டாயாம். மகனே, நம் மொழியில் இந்தச் சொல்லுக்கு இருக்கிற கொடுமை வேறெதற்கும் இல்லை. பரீட்சையில் ஜெயிப்பதும் தேறுவதுதான், மெலிந்தவன் மறுபடி சதை போடுவதும் தேறுவதுதான். கோயில் வாசலில் நீ தேறத் தேற, ஆஸ்பத்திரியில் நீ தோற்றுக்கொண்டிருந்தாய். ஒரே உடம்பு, ஒரே சொல், இரண்டு மதிப்பெண்.

உன் மனைவியின் இருதயம் அறுவைக்குத் தாங்கும் என்று அவர்கள் சொன்ன அதே நாளில் உன்னை மறுபடி நிறுத்தார்கள். நர்ஸ் எடையைப் பார்த்துவிட்டு, இயந்திரம் பழுதோ என்று உன்னை இறங்கி ஏறச் சொன்னார். இறங்கி ஏறினாய். பழுது இயந்திரத்தில் இல்லை. டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே நீ, "மன்னிச்சுக்குங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாய். நாங்கள் இருவரும் உள்ளேயே இருந்தோம். நீ கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, காரைக்கூடக் கிளப்பாமல் அந்த வெக்கையில் உட்கார்ந்திருந்தாய். அந்த நேரத்தில் உள்ளே டாக்டர் சொன்னதை நீ கேட்கவில்லை. பிறகு நாங்கள் சொல்ல வந்தபோதெல்லாம், "எனக்குத் தெரியும்மா, நான் வாயக் கட்டல" என்று பேச்சை முடித்துவிட்டாய். உனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கொழுப்பு என்பது சும்மா தொங்கிக்கொண்டிருக்கிற மூட்டை இல்லையாம். அது பேசுமாம். இதை என்னைப் பார்த்தே அவர்கள் கண்டுபிடித்திருக்கலாம். கொழுப்பு அணுக்கள் லெப்டின் என்று ஒரு ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. அது மூளைக்குப் போகிற சேதி: 'சேமிப்பு இருக்கிறது, பயப்படாதே.' நீ இளைத்தபோது அந்தச் சேதி மெலிந்துவிட்டது, சதை குறைந்த வேகத்தைவிட வேகமாக. மூளைக்குக் கண் கிடையாது. நீ மனைவிக்குச் சிறுநீரகம் கொடுக்க இளைக்கிறாய் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பஞ்சம் வந்துவிட்டது, இவன் சாகப்போகிறான் என்று மட்டும்தான் அதற்குப் புரிந்தது. உடனே உன்னைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டது. வயிற்றிலிருந்து கிரெலின் என்ற பசி ஹார்மோன் கூடுகிறது. சாப்பிட்ட பிறகு 'போதும்' என்று குடல் அனுப்புகிற சேதிகள் குறைகின்றன. அதனால் தட்டு காலியானாலும் பசி காலியாகாது. மறுபக்கம் உடம்பு செலவைச் சுருக்குகிறது. தசைகள் கொஞ்ச எரிபொருளில் அதே வேலையைச் செய்யப் பழகுகின்றன. தைராய்டு சற்று அடங்குகிறது. வெயிலில் நீ போட்டிருந்த ஜாக்கெட் அதனால்தான். எப்போதும் அந்த எடையிலேயே இருந்த ஒருவனும், இளைத்து அந்த எடைக்கு வந்த நீயும் ஒரே அளவு சாப்பிட்டால், அவனுக்கு எடை ஏறாது, உனக்கு ஏறும். இது நாலு நாள் கோபமும் இல்லையாம். இளைத்து வருஷங்கள் ஆன பிறகும் உடம்பு அதை மறப்பதில்லையாம்.

உன் தொழிலை வைத்தே சொல்கிறேன். மில்லில் லோரி காலியாகத் திரும்பினால், சரி என்று தடுப்பைத் தூக்கி வெளியே அனுப்பிவிடுவாய். உன் உடம்புக்குள் உட்கார்ந்திருக்கிற திம்பாங்காரன் வேறு ஆள். லோரி காலியாக வந்தால், 'குலையெல்லாம் எங்கே?' என்று தடுப்பை இறக்கிவிட்டு, போய் மறுபடி ஏற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புகிறான். அவனுக்குத் தெரிந்த சரியான எடை பழைய எடைதான். நீ அவனோடு சண்டை போடலாம், போட்டாய், ஜெயித்தாய். ஆனால் நீ தூங்குவாய், அவன் தூங்கமாட்டான். இளைப்பாறுதல் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்திருக்கிறாயா? இளைப்பு, ஆறுதல். இளைத்தது ஆறவேண்டும் என்று தமிழும் அந்தத் திம்பாங்காரனைப் போலவே நினைக்கிறது. உன் உடம்பு இளைப்பாறியது, மகனே. நடந்தது அவ்வளவுதான். நீ திருடித் தின்னவில்லை. உன் மனைவியைவிடச் சோறு பெரிது என்று ஒருநாளும் நீ முடிவெடுக்கவில்லை.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இதற்கு மருந்து இருக்கிறது. குடல் அனுப்பத் தவறுகிற அந்தப் 'போதும்' என்ற சேதியை வெளியிலிருந்து அனுப்புகிற ஊசி. அது போதாவிட்டால் வயிற்றைச் சுருக்கும் அறுவை. இரண்டுக்கும் தொந்தரவுகள் உண்டு, குமட்டும், வாந்தி வரும், எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது, நிறுத்தினால் பசி திரும்பி வரலாம். அவர் எதையும் மறைக்கவில்லை. கொஞ்சம் குறைந்தால்கூடக் கல்லீரலுக்கும் சக்கரைக்கும் நல்லது என்றார். உன் ஃபைலை மூடவில்லை, வரச் சொல்லுங்கள் என்றார். அதை மட்டும் நான் அன்றைக்கே காரில் சொன்னேன். நீ நெடுஞ்சாலையில் காரை ஏற்றினாய். பிறகு சொன்னாய்.

"சோத்தக் கொறைக்கத் துப்பில்லாதவனுக்குத்தான் ஊசி. நான் ஒரு தடவ செஞ்சவன். திரும்பச் செய்வேன்."

"அப்பா, டாக்டர் என்ன சொல்றாருன்னா..."

"தோத்தவனுக்குத்தாம்மா ஊசி."

"அப்ப அம்மா மெஷின்ல ஒக்காந்திருக்காங்களே, அவங்க தோத்துட்டாங்களா?"

வேறு நாளாயிருந்தால் என் வாய்க்கு ஒரு குட்டு விழுந்திருக்கும். அன்றைக்கு நீ கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தாய். உன் மனைவி தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் கேட்டதை விளையாட்டாகக் கேட்கவில்லை, இப்போதும் கேட்கிறேன். அவருடைய சிறுநீரகம் நின்றபோது யாராவது அவரிடம் போய், "கொஞ்சம் மனசு வச்சு முயற்சி பண்ணுங்க, மூத்திரம் தானா வந்துடும்" என்று சொன்னார்களா? சிறுநீரகம் கெட்டால் நோய், பசி கெட்டால் மட்டும் குணக்கேடா? உன் உறுப்பு ஒன்றை அவருக்குக் கொடுக்க உனக்கு வெட்கமில்லை. உன் உறுப்பு ஒன்று வைத்தியம் கேட்டால் மட்டும் வெட்கம்.

அதற்குப் பிறகுதான் இந்தத் தண்ணீர் விரதம். எங்களுக்குத் தெரியாது என்று நினைத்தாய். வேலையிடத்தில் சாப்பிட்டேன் என்றாய், வீட்டில் உன் மனைவியின் தட்டை மட்டும் நிரப்பினாய். நீ விழுந்த மறுநாள், நீ தூங்கிக்கொண்டிருந்தபோது, அவர் சமையலறையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உன்னிடம் அவர் சொல்லமாட்டார், சொன்னால் நீ உடைந்துவிடுவாய் என்று பயம். "எனக்கு அவரு கிட்னி வேணும். வேணாம்னு பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவ ஊசி குத்துறப்பவும் இதுதான் கடைசியோன்னு இருக்கு. ரத்தக் கொழாயெல்லாம் ஒவ்வொண்ணா அடச்சுக்கிட்டு வருது, எனக்கும் தெரியும். ஆனா அவரு பட்டினி கெடந்து செத்துட்டாருன்னா, அத நான் எங்க வச்சுக்கிட்டு வாழறது?" அழவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். அவருக்கு இருக்கிற காலம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. நீ உன்னைத் தண்டித்து முடிக்கும்வரை அது காத்திருக்காது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாத சங்கதி. உன் மனைவிக்கும் தெரியாது. போன வாரம் பள்ளி முடிந்து நான் கிளினிக்குக்குப் போனேன். அப்பாவுடையது சரிவராவிட்டால் என்னுடையதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் போனேன். பேச்சை இப்படித்தான் ஆரம்பித்தேன்: "நர்ஸ், கிட்னி விக்கிறதுக்கு இல்ல, சும்மா குடுக்குறதுக்கு." அவர் சிரிக்கவில்லை. வயதைக் கேட்டார், முடியாது என்றார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். உனக்குத் தெரியும், என் பின்கழுத்தில் ஒரு கறுப்பு உண்டு. அழுக்கு என்று நினைத்து உன் மனைவி எத்தனை வருஷமாகக் கடலைமாவு போட்டுத் தேய்க்கிறார், எத்தனை பேர் குளிக்கவே மாட்டியா என்று கேட்டிருக்கிறார்கள், நானும் இது என் பிறந்தநாள் நெக்லஸ் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். அது அழுக்கு இல்லையாம். இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பணியாதபோது தோல் அப்படிக் கறுக்குமாம். விரலில் குத்திப் பார்த்தார்கள். நிறுத்தார்கள். சக்கரை இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்றார் அங்கிருந்த டாக்டர். இப்படியே போனால் வயது வந்த பிறகும் நான் யாருக்கும் எதையும் கொடுக்க முடியாது, எனக்கே ஒருநாள் தேவைப்படலாம் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். உன் தோள், உன் தாடை, உன் வயிறு. எனக்குள்ளேயும் அதே திம்பாங்காரன்தான் உட்கார்ந்திருக்கிறான். நானும் இளைக்க வேண்டும், நானும் பசியோடு இருக்கப் போகிறேன், ஒருநாள் நானும் தேறிவிட்டேன் என்று யாராவது கன்னத்தைக் கிள்ளப் போகிறார்கள். அப்போது நான் யாரைப் பார்த்து நடக்க வேண்டும்? தண்ணீரைக் குடித்துவிட்டு நாற்காலியிலிருந்து சரிகிறவரையா? பசியால் தோற்றதாக நினைத்துக் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவரையா? நீ ஊசி போடுவது வெட்கம் என்றால், நாளைக்கு நான் போடுவதும் வெட்கம்தான். நீ உன்னைத் திட்டிக்கொள்ளும் ஒவ்வொரு சொல்லும் என் உடம்பின் மேலும் விழுகிறது. அதை நீ யோசித்திருக்க மாட்டாய். நானும் கண்ணாடி முன்னால் நிற்கும்வரை யோசித்ததில்லை.

அறிவுரை சொல்லி முடிப்பதுதான் பெற்றவர்கள் எழுதும் கடிதத்துக்கு அழகு. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வேலை மட்டும் இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் அந்தக் கிளினிக் டாக்டர் என்னை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். இரத்தம் எடுப்பார்கள், சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள், என்ன வைத்தியம் என்று முடிவு செய்வார்கள். உன்னைப் பற்றியும் சொன்னேன். கூட்டிக்கொண்டு வா, பேசலாம், ஆஸ்பத்திரிக்கு நானே கடிதம் தருகிறேன் என்றார். அன்றைக்கு உன் மனைவிக்கு டயாலிசிஸ், அவரால் வர முடியாது. முகப்பில் பதிந்துகொள்ளும்போது நர்ஸ் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "பதினெட்டு ஆகல. பெத்தவங்க ஒருத்தர் கூட வரணும்" என்றார். இத்தனை பக்கம் அம்மா மாதிரி எழுதிவிட்டேன், அந்த ஒரு இடத்தில் மட்டும் அது செல்லாது.

அப்பா, நீங்க வாங்க. எனக்குப் பயமா இருக்கு. நான் ரத்தம் குடுக்கணும், வெறும் வயித்தோடதான் வருவேன். நீங்க சாப்பிட்டுட்டு வாங்க.